ஓர் ஆர்க்கிட்டிலிருந்து இன்னொன்று: புதிதாக முயல்பவருக்கு எந்த வழி பொருந்தும்?

பூவெல்லாம் உதிர்ந்து, வெறும் இலையும் வேருமாக நிற்கும் ஆர்க்கிட்டைப் பார்க்கும்போது வளர்ப்பவர் எவருக்கும் ஒருநாள் அந்த ஆசை வரும்: இதிலிருந்து இன்னொரு செடி எடுத்தால் என்ன? ரோஜாவில் போத்து வெட்டி நடுகிறோம். வாழையடியில் கன்று பெயர்க்கிறோம். தக்காளியை விதை போட்டு எழுப்புகிறோம். ஆர்க்கிட்டிலும் இந்த மூன்று வழியும் உண்டு. ஆனால் எல்லா ஆர்க்கிட்டும் எல்லா வழிக்கும் இணங்காது. 25,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. ஒரு செடியை இரண்டாக்கும் அதே வெட்டு இன்னொன்றைக் கொன்றுவிடும்.

அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, உங்களுக்கு வேண்டியது புதுச் செடியா, புதுப் பூவா? கன்று எடுத்தாலும், பிரித்து வைத்தாலும், தண்டை வெட்டி வைத்தாலும் கிடைப்பது தாய்ச்செடியின் நகல்தான். நிறம், மணம், பூக்கும் பருவம் எதுவும் மாறாது. தாய்க்கு வைரஸ் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். விதையிலிருந்து வருவது அப்படியல்ல. ஒரே காயின் விதைகளிலிருந்து வந்த நூறு செடிகள் நூறு விதமாகப் பூக்கலாம்; உலகில் யாரும் பார்த்திராத பூவாகவும் இருக்கலாம்.

இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு சிங்கப்பூரின் தேசிய மலர். ஆக்னஸ் ஜோவாகிம் என்ற பெண்மணியின் பெயரைத் தாங்கிய அந்தக் கலப்பின ஆர்க்கிட்டைப் பற்றிய விவரம் 1893-இல் வெளியானது. 1981-இல் அது தேசிய மலரானது. விதையிலிருந்து அது பிறந்தது ஒருமுறை. பிறகு தோட்டம் தோட்டமாகப் பரவியதெல்லாம் தண்டை வெட்டி நட்டுத்தான். பூவைப் பிறப்பிப்பது விதை, பெருக்குவது கத்தி. இந்த இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

இரண்டாவது, உங்கள் செடி எந்தப் பக்கம் வளர்கிறது? டென்ட்ரோபியம், காட்லியா, ஆன்சிடியம், சிம்பிடியம் எல்லாம் பக்கவாட்டில் நகர்பவை. அடியில் ஒரு மட்டத்தண்டு ஓடும். அதிலிருந்து ஆண்டுதோறும் புதிய தண்டோ குமிழோ எழும்பும். பழையவை பின்னால் வரிசையாக நிற்கும். வளர்ப்பவர்கள் இந்தக் குமிழை ‘பல்ப்’ என்றும், டென்ட்ரோபியத்தின் நீண்ட தண்டைக் ‘கேன்’ என்றும் சொல்வார்கள். ஃபலனாப்சிஸும் வாண்டாவும் வேறு குணம். ஒரே தண்டு, ஒரே நுனி, மேல்நோக்கி மட்டுமே வளர்ச்சி. செடியை ஜன்னலோரம் வைத்து ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் இது எந்த வகை என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது.

கெய்க்கி: செடி தானே தரும் கன்று

முதல் முயற்சிக்கு எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ‘கெய்க்கி’ என்பது ஹவாய் மொழிச் சொல். குழந்தை என்று பொருள். டென்ட்ரோபியத்தின் பழைய கேனில், கணுவிலிருந்து சின்னஞ்சிறு இலைகள் எட்டிப் பார்க்கும். சில வாரம் கழித்து அதன் அடியில் வெள்ளை வேர்கள் காற்றில் நீளும். ஃபலனாப்சிஸில் இது பூந்தண்டின் கணுவில் வரும். சில சமயம் செடியின் அடியிலேயே வரும். தாயின் மேல் ஒட்டிக்கொண்டு, தாயின் தண்ணீரையும் உணவையும் குடித்துக்கொண்டு தன் வேரைத் தானே வளர்த்துக்கொள்ளும் முழுச் செடி அது.

இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், தாய்ச்செடிக்கு ஆபத்து ஏறக்குறைய இல்லை என்பதுதான். மற்ற வழிகளில் முதலில் வெட்டுகிறோம், பிறகு பிழைக்குமா என்று காத்திருக்கிறோம். இதில் காத்திருப்பு முதலில், வெட்டு கடைசியில். கன்றுக்கு வேர் வந்த பிறகே பிரிக்கிறோம். பிரிக்கும் அன்று அது ஏற்கெனவே ஒரு செடி.

எப்போது பிரிப்பது? குறைந்தது இரண்டு மூன்று இலைகள் வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத வேர்கள் இரண்டு மூன்றாவது வேண்டும். நான் முதன்முதலில் பிரித்த கன்றுக்கு வேர் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. பச்சைப் பசேலென்று இருந்ததே என்று நம்பி எடுத்துவிட்டேன். ஈரம் தாங்கும் ஸ்பாக்னம் பாசியில் வைத்தேன், தினமும் தண்ணீர் தெளித்தேன். இரண்டு மாதம் இலையில் இருந்த ஈரத்தில் உயிர் வைத்திருந்தது, பிறகு சுருங்கிப்போயிற்று. அதே கேனில் பக்கத்துக் கணுவில் இருந்த இன்னொரு கன்றை அந்தப் பருவம் முழுக்கத் தொடவில்லை. அது இன்று தனித் தொட்டியில் பூத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஆறு சென்டிமீட்டர் வேர் மட்டுமே.

பிரிக்கும்போது கன்றைப் பிய்க்காதீர்கள். தாயின் தண்டில் கன்றுக்கு மேலும் கீழும் கொஞ்சம் விட்டு, அந்தத் துண்டோடு சேர்த்து வெட்டி எடுப்பது ஃபலனாப்சிஸுக்கு நல்லது. டென்ட்ரோபியத்தில் கேனை விட்டுவிட்டு, கன்றின் அடியை ஒட்டிக் கூரான பிளேடால் வெட்டலாம். வேர்கள் காற்றில் விறைத்து நிற்கும். அவற்றைத் தொட்டிக்குள் வளைத்துத் திணித்தால் மளுக்கென்று ஒடிந்துவிடும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் வளைந்துகொடுக்கும். தொட்டி சிறியதாக இருக்கட்டும்; குட்டிக் கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால் கலவை காயாமல் வேர் அழுகும்.

குறை இல்லாமல் இல்லை. கெய்க்கி வருவதும் வராததும் செடியின் விருப்பம். டென்ட்ரோபியம் நோபிலே வகைக்குக் குளிர்ந்த, உலர்ந்த ஓய்வுப் பருவம் கிடைக்காமல் தண்ணீரும் நைட்ரஜன் உரமும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால், பூக்க வேண்டிய கணுக்களிலும் கன்று வரும். கன்று நிறைய வருகிறதே என்று மகிழ்கிறவர் பூவை இழந்துகொண்டிருக்கிறார். ஃபலனாப்சிஸிலோ, குருத்து அழுகிப்போன செடி கடைசி முயற்சியாகவும் அடியில் ஒரு கன்றை விடும். ஆகவே கெய்க்கி வந்தால், கன்றோடு சேர்த்துத் தாயின் வேரையும் ஒருமுறை பாருங்கள்.

கெய்க்கிப் பசை பற்றிப் பலர் கேட்கிறார்கள். பென்சைல் அமினோ பியூரின் என்ற வளர்ச்சி ஊக்கியை லானோலின் கொழுப்பில் குழைத்து விற்கிறார்கள். பூந்தண்டின் கணுவை மூடியிருக்கும் மெல்லிய செதிலைக் கவனமாகக் கீறி எடுத்து, உள்ளே தெரியும் மொட்டின் மேல் அரிசி அளவுக்கும் குறைவாகப் பல்குச்சியால் தடவ வேண்டும். வெதுவெதுப்பும் ஈரக்காற்றும் இருந்தால் கன்றாகும். சற்றுக் குளிர்ந்திருந்தால் இன்னொரு பூந்தண்டாகக் கிளைத்துவிடும். பசை வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் அது தூங்கும் மொட்டை எழுப்பும், செடிக்குச் சக்தி தராது. நான்கைந்து நல்ல இலைகள் இல்லாத ஃபலனாப்சிஸில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தண்டில் ஒரு கணுவுக்கு மேல் தடவுவதும் பேராசை.

காலக் கணக்கு: கன்று எட்டிப் பார்த்ததிலிருந்து பிரிக்கும் அளவுக்கு வர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். டென்ட்ரோபியக் கன்று அதன் பிறகு ஓரிரு ஆண்டில் பூக்கும். ஃபலனாப்சிஸுக்கு இரண்டு மூன்று ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்து வைத்தல்: விரைவான வழி, பொறுமையற்றவருக்கு ஆபத்தான வழி

பக்கவாட்டில் நகரும் ஆர்க்கிட்டுகளுக்கு மட்டும் உரியது இது. மட்டத்தண்டை வெட்டி, ஒரு கொத்தை இரண்டு கொத்தாக்குகிறோம். இரண்டிலும் வேர் இருக்கிறது, இலை இருக்கிறது, சேமித்த தண்ணீர் இருக்கிறது. எல்லாம் சரியாக அமைந்தால் அடுத்த பருவத்திலேயே பூக்கும். வேகத்தில் இதற்கு இணை கிடையாது.

ஒரு துண்டுக்கு மூன்று பல்ப், முடிந்தால் நான்கு. இந்தக் கணக்கை மீறாதீர்கள். காட்லியாவின் புதிய வளர்ச்சி தனக்கென வேர் விட்டு நிற்கும்வரை பின்னால் உள்ள பல்ப்புகளின் சேமிப்பில்தான் வாழ்கிறது. பின்னால் ஒன்றே ஒன்று இருந்தால் அது வற்றிப்போகும். ஏழு பல்ப் இருந்த ஒரு காட்லியாவை நான் நான்காகப் பிரித்தேன். நான்கு தொட்டி நிறையும் என்ற ஆசை. இரண்டு காய்ந்தன. பிழைத்த இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு கட்டைவிரல் அளவுப் பல்ப் விட்டு, மூன்றாண்டு கழித்துத்தான் மறுபடி பூத்தன. பிரிக்காமல் விட்டிருந்தால் அந்த மூன்றாண்டும் அது பூத்திருக்கும். பிரித்தலின் உண்மையான விலை இது: இருந்த அழகான செடியைப் பணயம் வைக்கிறீர்கள். பத்துப் பூத்தண்டு தாங்கி நிற்கும் பெரிய கொத்தின் கம்பீரம் இரண்டு சின்னக் கொத்துகளுக்கு வருவதில்லை. தொட்டி நிரம்பி வழியாதவரை பிரிக்கவே தேவையில்லை.

வெட்டும் பருவம் வெட்டும் விதத்தைவிட முக்கியம். புதிய வளர்ச்சியின் அடியில் வேர் நுனிகள் புள்ளியாகத் தெரியத் தொடங்கும் வாரம்தான் சரியான வாரம். அப்போது தொட்டி மாற்றினால் அந்த வேர்கள் நேராகப் புதுக் கலவைக்குள் இறங்கும். பழைய வேர்கள் ஒடிந்தாலும் பரவாயில்லை. வேர் பத்து சென்டிமீட்டர் நீண்ட பிறகு தொட்டால் எல்லாம் நொறுங்கும். செடி அந்த ஆண்டை இழந்தது.

தயங்குகிறவர்களுக்கு ஒரு நிதானமான முறை இருக்கிறது. செடியைத் தொட்டியிலிருந்து எடுக்காமலேயே மட்டத்தண்டை மட்டும் சரியான இடத்தில் வெட்டிவிட்டு அப்படியே ஒரு பருவம் விடுங்கள். முன்பக்கத் தொடர்பு அறுந்ததும் பின்பாதியில் தூங்கிக்கொண்டிருந்த கண் விழித்துப் புதுத் தளிர் விடும். அதற்கு வேர் வரும் சமயத்தில் இரண்டையும் பிரித்து நடலாம். கண் விழிக்கவில்லையா? பெரிதாக எதையும் இழக்கவில்லை. பல்ப்புகள் வேரோடு அதே இடத்தில்தான் இருக்கின்றன. கெய்க்கியைப் போலவே இங்கும் முதலில் காத்திருந்து பிறகு பிரிக்கிறோம். முதல்முறை காட்லியாவைப் பிரிக்கப்போகிறவர் இந்த வழியில்தான் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

பிளேடு பற்றி ஒரு வார்த்தை. ஆர்க்கிட்டுகளில் சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஒடன்டோகிளாஸம் வளையப்புள்ளி வைரஸும் பரவலாக இருக்கின்றன. இரண்டும் சாறு வழியாக, வெட்டும் கருவியோடு செடிக்குச் செடி போகும். மருந்து கிடையாது. ஆல்கஹாலில் துடைப்பது இந்த வைரஸ்களுக்குப் போதாது. கத்தரி முனையைத் தீயில் செக்கச் சிவக்கக் காட்டி ஆறவிட வேண்டும். அல்லது ஒரு செடிக்கு ஒரு புது பிளேடு. நான் இரண்டாவதையே செய்கிறேன். பல ஆண்டு வளர்த்த செடியைவிட ஒரு பிளேடு பெரிதல்ல.

வெட்டிய வாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவுவது நல்ல பழக்கம். காயத்தை உலர்த்தும், பூஞ்சையைத் தடுக்கும். ஆனால் வேரில் பட்டால் வேரையும் உலர்த்திவிடும். காயத்தில் மட்டும் தடவுங்கள்.

பின்னால் இருக்கும் இலையுதிர்ந்த பல்ப்புகளைத் தூக்கி எறிய வேண்டாம். சிம்பிடியத்தில் இவை பெரும்பாலும் பிழைக்கும். ஈரமான ஸ்பாக்னம் பாசியில் பாதி புதையும்படி வைத்து மூடிய பெட்டியில் நிழலில் விட்டால் ஓரிரு மாதத்தில் அடியிலிருந்து முளை வரும். பூக்க மூன்றாண்டு வரை ஆகலாம். எறியப்போகும் பொருள்தானே, இழப்பதற்கு ஒன்றுமில்லை.

தண்டை வெட்டி வைத்தல்

கன்று தானாக வராத டென்ட்ரோபியத்திடம் கன்றைக் கேட்டு வாங்கும் முறை என்று இதைச் சொல்லலாம். இலை உதிர்ந்த, ஆனால் இன்னும் தடித்துப் பச்சையாக இருக்கும் கேனை அடியோடு வெட்டி, இரண்டு மூன்று கணு இருக்கும்படி துண்டாக்க வேண்டும். வெட்டு முனைகளை ஒருநாள் உலரவிட்டு, ஈரமான பாசியின் மேல் படுக்கவைத்து, மூடியுள்ள ஒளிபுகும் பெட்டியில் வெயில் நேரடியாக விழாத வெளிச்சத்தில் வைத்துவிடலாம். பாசியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். சில வாரம் முதல் சில மாதத்துக்குள் கணுக்களில் முளை வரும். எல்லாத் துண்டிலும் வராது. ஏற்கெனவே பூத்து முடிந்த கணு பெரும்பாலும் ஏமாற்றும். பூக்காமல் தூங்கும் கணுதான் நம்பிக்கை. சுருங்கி மஞ்சளான கேனில் முயல்வது வீண்.

இதில் எனக்குப் பிடித்தது, தோற்றாலும் தாய்ச்செடிக்கு ஒரு பழைய கேன்தான் நஷ்டம் என்பது. பிடிக்காதது, வரும் கன்றுகள் தாயின் மேல் வந்தவற்றைவிட மெலிந்திருப்பது. தாயின் வேர் ஊட்டிய கன்றுக்கும், துண்டுத்தண்டின் மிச்சச் சேமிப்பில் எழுந்த கன்றுக்கும் வித்தியாசம் கண்ணில் தெரியும்.

வாண்டாவில் கதை வேறு. செடி உயர்ந்து, தண்டின் நடுவிலேயே வேர்கள் தொங்கத் தொடங்கியபின், மேல்பாதியை மூன்று நான்கு நல்ல வேர்களோடு வெட்டித் தனியே தொங்கவிடலாம். மேல்பாதி எதுவும் நடக்காததுபோல் வளரும். இலையோடு நிற்கும் அடிப்பாதி பக்கத்தில் ஒன்றோ இரண்டோ கன்று விடும். வேரில்லாத இடத்தில் வெட்டினால் இரண்டும் போய்விடலாம். குட்டையான வாண்டாவை வெட்டவே கூடாது. ஃபலனாப்சிஸின் தண்டும் இதே ஏறுவகைதான் என்றாலும் மிகக் குறுகியது. இந்த வெட்டு அதற்கு ஆகாது.

வனிலாவும் ஓர் ஆர்க்கிட்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அதன் கொடியைத் துண்டாக்கி நட்டுத்தான் பெரும்பாலும் தோட்டங்களை உருவாக்குகிறார்கள். கணுதோறும் வேர் விடும் கொடி அது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் இருப்பவருக்கு ஆர்க்கிட் குடும்பத்திலேயே எளிதாக வேர்பிடிக்கும் தண்டுகளில் ஒன்று. பூவுக்காகத்தான் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும்.

விதை: எல்லோரும் முதலில் கேட்பதும், கடைசியில் செய்ய வேண்டியதும்

இணையத்தில் ‘ஆர்க்கிட் விதை’ என்று வண்ணப் படத்தோடு பொட்டலம் விற்கிறார்கள். நீல நிறம், வானவில் நிறம் என்று படம் போடுகிறார்கள். வாங்காதீர்கள். உள்ளே கையால் எடுத்து விதைக்கும் அளவுக்கு விதை இருந்தால் அது ஆர்க்கிட் விதையே அல்ல. உண்மையான ஆர்க்கிட் விதையாகவே இருந்தாலும் மண்ணில் தூவினால் முளைக்காது. ஆசையோடு தொடங்கும் எத்தனையோ பேரின் முதல் ஏமாற்றம் இந்தப் பொட்டலம்தான். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

ஏன் முளைக்காது? ஆர்க்கிட் விதை தூசி. ஒரு காயில் சில ஆயிரம் முதல் பல இலட்சம் வரை இருக்கும். சில இனங்களில் பத்து இலட்சத்தையும் தாண்டும். அத்தனை விதை செய்வதற்காகச் செடி ஒவ்வொன்றுக்கும் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதில்லை. நெல்லுக்குள் மாவு இருக்கிறது, தேங்காய்க்குள் பருப்பு இருக்கிறது. ஆர்க்கிட் விதைக்குள் மெல்லிய தோலும் சில பத்து அல்லது சில நூறு செல்கள் கொண்ட கருவும் மட்டுமே. காட்டில் ஒரு குறிப்பிட்ட பூஞ்சை அந்த விதைக்குள் புகுந்து உணவு கொடுத்தால்தான் அது உயிர்பிடிக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899-இல் இதைக் கண்டுபிடிக்கும்வரை தோட்டக்காரர்கள் தாய்ச்செடியின் தொட்டியிலேயே விதையைத் தூவிவிட்டுக் காத்திருந்தார்கள். அந்தத் தொட்டியில் பூஞ்சை இருந்ததால் எப்போதாவது சில முளைத்தன. 1856-இல் ஜான் டொமினியின் கையில் பூத்த முதல் செயற்கைக் கலப்பின ஆர்க்கிட் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் பூஞ்சையையே தேவையில்லாமல் செய்துவிட்டார். சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரால் செய்த கூழில் விதையை முளைக்கவைத்துக் காட்டினார். பூஞ்சை தரும் உணவைக் கூழே தந்துவிடும். இன்று விதையிலிருந்து ஆர்க்கிட் எழுப்புகிறவர்களில் பெரும்பாலோர் போவது அவர் போட்ட பாதையில்தான்.

வீட்டில் செய்ய முடியுமா? முடியும், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரஷர் குக்கரில் 121 டிகிரி செல்சியஸில் பதினைந்து இருபது நிமிடம் கூழையும் குடுவையையும் கிருமி நீக்க வேண்டும். வெடிக்காத பச்சைக் காயை வெளிப்புறம் மட்டும் கிருமி நீக்கி, காற்றசைவில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு அறுத்து, உள்ளிருக்கும் விதையைக் கூழில் தூவ வேண்டும். நமக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு பூசண வித்து உள்ளே விழுந்தால் போதும்; சர்க்கரைக் கூழில் அது விதையைவிட ஆயிரம் மடங்கு வேகமாக வளர்ந்து குடுவையை மூடிவிடும். காய் முற்றவே ஃபலனாப்சிஸுக்கு நான்கு முதல் ஆறு மாதம், காட்லியாவுக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அத்தனை நாளும் அந்தக் காய் தாய்ச்செடியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பிறகு குடுவைக்குள் பச்சைப் பொட்டுகளாக முளைக்கருக்கள் தோன்றி, இலைவிட்டு, இன்னொரு குடுவைக்கு மாறி, வெளியே வர ஓராண்டுக்கு மேல். அதிலிருந்து பூக்க ஃபலனாப்சிஸ் மேலும் இரண்டு மூன்று ஆண்டு, காட்லியா நான்கு ஐந்து ஆண்டு எடுக்கும்.

இதையெல்லாம் சொல்வது உங்களை விரட்டுவதற்கு அல்ல. இரண்டு செடிகளைத் தேர்ந்தெடுத்து, தூரிகைமுனை அளவு மகரந்தத் திரளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, ஆறேழு ஆண்டு கழித்து யாரும் காணாத ஒரு பூ உங்கள் வீட்டில் விரிவதற்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியாது. வைரஸ் தாக்கிய தாயிலிருந்துகூட விதை வழியே பெரும்பாலும் நோயற்ற பிள்ளைகள் கிடைக்கும் என்பது இதன் இன்னொரு பெரிய நன்மை. ஆனால் இதைத் தொடங்குவதற்கு முன் வளர்ந்த செடியை நான்கு பருவம் சாகாமல் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். பலவீனமான செடியில் காய் பிடிக்கவைத்து அந்தச் செடியையே இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

குடுவை நாற்று: நடுவழி

விதைக்கும் கன்றுக்கும் நடுவே அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. ஆய்வகத்திலேயே முளைத்துச் சின்ன நாற்றுகளாக நிற்கும் குடுவையை வாங்கி, நாற்றுகளை வெளியே எடுத்து வளர்ப்பது. கிருமிநீக்க வேலை முழுவதும் முடிந்துவிட்டது. பூ எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது. ஒரு குடுவையில் இருபது முப்பது நாற்றுகள் இருக்கும். வாங்குமுன் அவை விதை நாற்றா, திசு வளர்ப்பில் வந்தவையா என்று கேளுங்கள். 1960-இல் பிரான்சின் ஜார்ஜ் மோரெல் சிம்பிடியத்தின் வளர்நுனியிலிருந்து நாற்றுகளைப் பெருக்கிக் காட்டிய பிறகு பரவிய திசு வளர்ப்பு முறையில் வந்தவை என்றால் அவை நகல்கள். எல்லாம் ஒரே பூதான்.

இந்த நாற்றுகளின் கஷ்டம் முதல் ஆறு வாரம். நூறு சதவீத ஈரப்பதத்தில், சர்க்கரை தின்று வளர்ந்தவை. இலையின் மேல் மெழுகுப் படலம் போதுமான அளவு இருக்காது. இலைத்துளைகளை மூடித் தண்ணீரைக் காக்கவும் பழகியிருக்காது. வெளியே எடுத்த அன்றே ஜன்னலில் வைத்தால் மாலைக்குள் துவளும். வெதுவெதுப்பான நீரில் அகரை ஒட்டுவிடாமல் கழுவ வேண்டும். ஒரு துளி கூழ் வேரில் மிஞ்சினாலும் பூசணம் அங்கே வீடு கட்டும். பிறகு எல்லா நாற்றையும் ஒரே தொட்டியில் நெருக்கமாக, மெல்லிய பாசியில் நட்டு, ஒளிபுகும் மூடியிட்டு, வாரத்துக்கு வாரம் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். நெருக்கமாக நட்டால் ஒன்றின் ஈரம் இன்னொன்றைக் காக்கும். சில சாகும். முப்பதில் இருபது நின்றால் நல்ல கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டு மரத்தில் இருக்கும் ஆர்க்கிட்டைப் பெயர்த்து வருவதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பூஞ்சையும் மரப்பட்டையும் பனியும் சேர்ந்து வளர்த்த ஒரு செடி ஜன்னலோரத் தொட்டியில் பெரும்பாலும் மெல்லச் செத்துப்போகும்.

அப்படியானால் உங்களுக்கு எது?

உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஃபலனாப்சிஸ் என்றால் உங்களுக்கு வழி கெய்க்கி ஒன்றுதான். அதைப் பிரிக்கவோ துண்டாக்கவோ முயலாதீர்கள். அடுத்தமுறை பூ முடிந்ததும் பூந்தண்டை அடியோடு நறுக்காமல் பச்சையாக இருக்கும்வரை விட்டுவையுங்கள். வந்தால் வரும்.

டென்ட்ரோபியம் வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர். கெய்க்கி, கேன் துண்டு, கொத்து பெருத்த பின் பிரித்தல் என்று மூன்றையும் ஒரே செடியில் கற்றுக்கொள்ளலாம். புதுச் செடிகள் எடுத்துப் பழக வேண்டும் என்ற எண்ணத்தோடேயே ஒருவர் முதல் ஆர்க்கிட்டை வாங்கப் போகிறார் என்றால், அவர் டென்ட்ரோபியத்தோடு திரும்ப வேண்டும் என்பேன்.

காட்லியாவோ ஆன்சிடியமோ இருந்தால் பல்ப்புகளை எண்ணுங்கள். ஆறுக்குக் குறைவாக இருந்தால் கத்தியை மறந்துவிடுங்கள். எட்டு, பத்து இருந்தால் தொட்டிக்குள்ளேயே மட்டத்தண்டை வெட்டிவிட்டுக் காத்திருங்கள். புதுப் பூவின் மேல்தான் மனம் இருக்கிறது, கையில் இரண்டு ஆண்டு அனுபவமும் இருக்கிறது என்றால் ஒரு குடுவை நாற்று வாங்குங்கள். விதை தூவுவதை அதற்குப் பின் யோசிக்கலாம்.

இன்று செய்யக்கூடியது ஒன்று. டென்ட்ரோபியத்தின் பழைய கேன்களைக் கணுக் கணுவாகத் தடவிப் பாருங்கள். எங்காவது பச்சை முனை தென்பட்டால் அதன் அடியைச் சுற்றி ஒரு சிட்டிகை ஈரப் பாசியைத் தளர்வாகக் கட்டி, காயும்போதெல்லாம் தெளித்து வாருங்கள். வேர் சீக்கிரம் நீளும். சுட்டுவிரல் நீளத்துக்கு வந்து, நனைத்தால் பச்சையாகவும் உலர்ந்தால் வெள்ளியாகவும் நிறம் மாறத் தொடங்கிய அன்று புது பிளேடை எடுங்கள்.